உயிரோடிருப்பவர்களின் பக்கம்

எங்கள் கோயில் பங்கில் உயிரோடிருப்பவர்களையும் இறந்தவர்களையும் வேறுவேறாகப் பிரித்து வைப்பது சில வருடங்களாக என் வேலை. கேட்க ஒருமாதிரி இருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டால் அதுவும் மற்ற வேலைகளைப் போல ஒரு வேலைதான். கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஓய்வுபெற்று, கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் நாலு சுவரோடு கதைத்துக்கொண்டிருக்க மனமில்லாமல் கோயில் அலுவலகத்துக்கு வரத் தொடங்கினேன். பங்குத் தந்தையை நாங்கள் பெரிய சுவாமி என்போம். அவர் ஒரு மேசையையும் பழைய கணினி ஒன்றையும் காட்டி, "இனி உது உங்கடை பாடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஒரு மாதா கோயில், அதைச் சுற்றி மீன்பிடிக் குடும்பங்கள். அதுதான் எங்கள் பங்கு. யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று ஆட்கள் வந்து பெயர் கொடுப்பார்கள். சுகமில்லாதவருக்கு, பரீட்சை எழுதும் பிள்ளைக்கு, புயலில் அகப்பட்டுக் கரை சேர்ந்த வள்ளக்காரருக்கு என்று கொடுப்பதெல்லாம் உயிரோடிருப்பவர்களுக்கான பூசை. ஆத்துமம் இளைப்பாறக் கொடுப்பது இறந்தவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவாமி முதலில் இருப்பவர்களின் பெயர்களையும் பிறகு இறந்தவர்களின் பெயர்களையும் வாசிப்பார். எங்கள் சனத்துக்குப் பிரசங்கம் காதில் ஏறாமல் போகலாம். பெயர் வாசிக்கும்போது இருமல்கூட நின்றுவிடும்.

இப்போது வருகிற மின்னஞ்சல் ஒவ்வொன்றையும் நானே திறந்து, வாசித்து, என் கையால் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் போடுகிறேன். கணினி தெரிந்த இளசுகள் வந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். "இதை அதுவே செய்யும், அன்ரி" என்கிறார்கள். அது செய்யும் என்று எனக்கும் தெரியும். செய்த கதையைத்தான் எழுத வந்தேன்.

பங்குச் சனத்தில் பாதி இப்போது பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறது. அவர்களெல்லாம் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கினார்கள். ஒரு முகவரிக்கு எழுதினால் குழுவில் உள்ள எல்லாருக்கும் போகும். எங்கள் அலுவலகத்தையும் அதில் சேர்த்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் சேர்த்தார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் ரொறன்ரோவில் ஒரு பேரப்பிள்ளைக்கு முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த படம் வந்தால், உலகத்தின் எல்லாத் திசையிலிருந்தும் ஆளுக்கொரு "ஆமென்" வரும். அதுவும் தனியாக அந்தத் தாய்க்கு அல்ல, எல்லாருக்கும். கோயில் கோபுரத்துக்கு நீலம் அடிப்பதா வெள்ளை அடிப்பதா என்று, அந்தக் கோபுரத்தைக் கண்ணால் கண்டு பல வருடமான ஆட்கள் ஒரு கோடை முழுவதும் அடிபட்டார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு இருதய சத்திரசிகிச்சை, மன்றாடுங்கள் என்று எழுதியிருந்தாள். அதை நான் கண்டபோது பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் கணினியைத் தூக்கிக் கடலுக்குள் போட்டிருப்பேன்.

அந்த வருடம்தான் உதவிப் பங்குத் தந்தையாக ஓர் இளம் சுவாமி வந்தார். மன்னார்ப் பக்கம். சனம் அவரைச் சின்னச் சுவாமி என்றது. மெலிந்த ஆள், துடியாட்டமானவர், மோட்டார்சைக்கிளில் அங்கியோடு பறப்பார். நான் மின்னஞ்சல்களோடு படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு ஒரு வழி இருக்கு" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பின்னேரத்துக்குள் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டார். குழுவிலிருந்து வருவது எதுவும் இனி எங்கள் வாசலில் குவியாது. தலைப்பில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்து, கணினி அதுவாகவே அதை உரிய பெட்டிக்குள் போடும். நன்றி, சுகம், பரீட்சை என்றிருந்தால் ஒரு பெட்டி. இறந்தோர், ஆன்மா, நினைவு என்றிருந்தால் இன்னொரு பெட்டி. மற்ற ஆமென்களுக்கும் கோபுரத்துச் சண்டைக்கும் மூன்றாவதாக ஒரு பெட்டி, அதை ஆறுதலாகப் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அது பிடித்துக்கொண்டது. காலையில் வந்து திறந்தால், கரையில் மீனை இனம் இனமாகக் கூறு போட்டு வைத்திருப்பதுபோல எல்லாம் பிரிந்து கிடக்கும். சின்னச் சுவாமி குழுவில் உள்ளவர்களுக்கு அன்பாக ஒரு அறிவித்தலும் எழுதினார், இனிமேல் எல்லாரும் தலைப்பைச் சரியாகப் போட வேண்டும் என்று. எங்கள் சனம் எந்தக் காலத்தில் அறிவித்தல் வாசித்தது? அலுவலகத்துக்கு எழுத வேண்டுமென்றால் அலுவலகத்திலிருந்து கடைசியாக வந்த மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து, அதற்குப் பதில் போடுகிற பொத்தானை அமத்தி, தங்கள் பாட்டுக்கு எழுதுவார்கள். பழைய தலைப்பு அப்படியே மேலே நிற்கும். சேமக்காலை மதில் திருத்தம் என்று கல்லறைத் தோட்டத்து மதிலைப் பற்றிய தலைப்பின் கீழ் ஒருவர் மகளின் கலியாணத்துக்கு ஞானஸ்நானப் பத்திரம் கேட்டிருந்தார். நான் இதைச் சின்னச் சுவாமியிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "பழகிவிடுவினம், அக்கா" என்றார்.

இனி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு உறவில் மாமி இல்லை. எங்கள் ஒழுங்கை வீடுகளில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். இரண்டு ஆண்பிள்ளைகள். பெரியவன் பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். சின்னவன் யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போனான். கடைசியாக அவனை உயிரோடு கண்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கண்டதாகச் சொன்னவர்கள் இல்லை. மாமி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவோரப் போராட்டப் பந்தல்களில் இருந்தார், விசாரணைக்கு வரச் சொன்ன இடங்களுக்கெல்லாம் போனார். மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கலாம் என்று அதிகாரிகள் வந்து சொன்னபோது, தேநீர் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவிட்டார்.

அவர் சின்னவனுக்குப் பூசை கொடுப்பார். ஒருநாளும் இறந்தவர்களோடு கொடுத்ததில்லை. சகல ஆத்துமாக்கள் திருநாளில் நாங்கள் எல்லாரும் சேமக்காலைக்குப் போய்ச் சொந்தக்காரரின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துவோம். மாமி கணவரின் கல்லறையில் ஒரு திரி கொளுத்துவார். ஒருமுறை பக்கத்தில் நின்ற ஒரு பெண் இரக்கப்பட்டு அதற்கருகில் இன்னொரு திரியைக் கொளுத்தி வைத்தாள். மாமி குனிந்து அதை ஊதி அணைத்து, மெழுகு காயும்வரை பிடித்திருந்து, அவளின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நவம்பர் எங்களுக்கு இறந்தவர்களின் மாதம். அந்த மாதம் வருகிற பெயர்களில் அநேகமானவை இறந்தவர்களுடையவைதான். அதனால் மற்ற மாதங்களில் யாரிடமாவது சொல்லி அனுப்பினாலும், நவம்பரில் மாமி தானே நடந்து அலுவலகத்துக்கு வருவார். தன் பிள்ளையின் பெயர் அந்தக் கூட்டத்துக்குள் அள்ளுப்பட்டுப் போய்விடக்கூடாது என்ற பயம். "என்ரை சின்னவன்ரை சுகத்துக்கு" என்று சொல்லிவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை மேசைக்கு முன்னால் நிற்பார். பிறகுதான் போவார்.

அந்த வருடம் மாமிக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. வெளியே தூசிக்குள் போகக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நானும் ஊரில் இல்லை. நெல்லியடியில் தங்கைக்கு டெங்குக் காய்ச்சல், அவள் வீட்டில் நின்றேன். மாமி பெரியவனோடு வைபரில் கதைக்கும்போது, "தம்பியின்ரை பூசைக்கு நீ ஒருக்கா எழுதிவிடு" என்று சொல்லியிருக்கிறார். அவன் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், அலுவலகத்திலிருந்து கடைசியாக வந்த மின்னஞ்சலுக்குப் பதில் போட்டான். அந்தக் கடைசி மின்னஞ்சல் எங்கள் நவம்பர் அறிவித்தல். இறந்தோருக்கான பூசைகள், பெயர்களை அனுப்பிவைக்கவும் என்பது அதன் தலைப்பு. அதன் கீழ் பெரியவன் எழுதியது இரண்டே வரி. அம்மா வழமையாகக் கொடுக்கும் பூசை, தம்பிக்காக. பிறகு தம்பியின் முழுப் பெயர்.

வழமை என்றால் என்ன என்று எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கணினிக்கு அது தெரியாது. வந்து ஒரு வருடம்கூட ஆகாத சின்னச் சுவாமிக்கும் தெரியாது. நவம்பரில் ஒருவர் தம்பிக்காகப் பூசை கேட்டால் யாரும் என்ன நினைப்பார்கள்? அவர் இறந்தோர் பெட்டியைத் திறந்து, அதில் கிடந்த பெயர்களையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆயத்தமாக வைத்துவிட்டார்.

சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் முதல் பூசைக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மாமி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்தபடி வந்து, தன் வழமையான வாங்கில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால்.

சின்னச் சுவாமி இருப்பவர்களின் பெயர்களை வாசித்தார். சின்னவனின் பெயர் வரவில்லை. மாமி தலையைக் கொஞ்சம் நிமிர்த்தியதைக் கண்டேன். பெயர் விடுபட்டுவிட்டதாக்கும், பூசை முடியச் சுவாமியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு இறந்தவர்களின் பெயர்கள் தொடங்கின. அவர் அவசரப்படாமல், ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் இடம் விட்டு வாசிப்பார். அது எங்கள் எல்லாருக்கும் பிடிக்கும். அப்படி இடம் விட்டு, தகப்பனின் பெயரோடு சேர்த்து, மாமியின் மகனின் பெயரையும் வாசித்தார். வேறு ஆளாக இருக்க வழியே இல்லை.

எனக்கு ஓடிப்போய் ஒலிவாங்கியைப் பறிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் எழும்பாமல் இருந்துவிட்டேன். தெரிந்த சனமெல்லாம் ஒன்றாக மாமியின் முதுகைப் பார்த்தது. முழந்தாளில் நிற்க வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை, ஆனால் அவர் மெதுவாக இறங்கி முழந்தாளில் நின்று, முன் வாங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நற்கருணை வாங்கவும் எழும்பவில்லை. அவருடைய தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. மாமி அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. கணவரை அடக்கம் செய்த அன்றுகூடப் பெரியவனைத் தேற்றிக்கொண்டு நின்றவர் அவர்.

பூசை முடிந்தது. வெளியே பெண்கள் கூடிக் கூடிக் குசுகுசுத்தார்கள். சின்னச் சுவாமிக்கு இன்றைக்கு இருக்கிறது என்ற முகம் எல்லாருக்கும். மாமி யாரோடும் கதைக்காமல் பூசை அறைப் பக்கமாக நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அவர் கேட்காவிட்டாலும் நான் கேட்பது என்று, சுவாமி என்றும் பார்க்காமல் ஏசுவதற்கு வாய்க்குள் சொற்களை அடுக்கிக்கொண்டு போனேன்.

மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் அமைதியாக இருந்தது.

"சுவாமி, செய்தி எப்ப வந்தது?"

சின்னச் சுவாமி பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "என்ன செய்தி, அம்மா?"

"என்ரை சின்னவன்ரை. பெரியவன் எனக்குச் சொல்லப் பயந்து உங்களுக்குச் சொல்லியிருக்கிறான். நான் ஒருத்தரையும் ஏசமாட்டன். எங்கையாம் எடுத்தவை?"

சின்னச் சுவாமி என்னைப் பார்த்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மகனைக் கண்டெடுத்த செய்தி வந்ததாக மாமி நினைத்துவிட்டார்.

"உடுப்பை வைச்சோ அடையாளம் கண்டவை?" என்று மாமி கேட்டார். "எப்பிடி இருந்தாலும் தரச் சொல்லுங்கோ. தேப்பன்ரை குழிக்குப் பக்கத்திலை இடம் கிடக்கு. நான் ஆரையும் அதிலை வைக்க விடேல்லை."

அந்த இடத்தைப் பற்றி அவர் வாய் திறந்து அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. திரியை ஊதி அணைத்த அந்த மனுசி, அதே நிலத்தைப் பிள்ளைக்காகக் காத்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"மாமி, கந்தோருக்கு வாங்கோ" என்றேன். "வந்து இருங்கோ. சொல்லுறன்."

அலுவலகத்தில் அவரைக் கதிரையில் இருத்தினேன். அந்தப் பழைய கணினி விழித்து வருவதற்குள் என் உயிர் போய் வந்தது. சின்னச் சுவாமி பாதி கழற்றிய உடுப்போடு கதவடியில் நின்றார். இறந்தோர் பெட்டியைத் திறந்தேன். பெரியவனின் இரண்டு வரி அதற்குள் கிடந்தது. வாசித்துக் காட்டினேன்.

"இவ்வளவும் தானோ?" என்று மாமி கேட்டார்.

"ஓம் மாமி. இவ்வளவும் தான்."

"செத்துப்போனான் எண்டு எழுதேல்லையோ?"

"இல்லை."

"அப்ப ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை என்பதை அவருக்கு விளங்கப்படுத்துவது பெரும் பாடாக இருந்தது. வருகிற கடிதத்தை ஆட்கள் பார்த்துப் பிரிப்பதில்லை, தலைப்பில் இருக்கிற சொல்லைப் பார்த்து மெசின்தான் பிரிக்கிறது, பெரியவன் பதில் போட்ட தலைப்பு இறந்தவர்களுடைய தலைப்பு என்று சுற்றிச் சுற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல, நான் ஒரு பிணத்தை அவரிடமிருந்து திருப்பி வாங்குவதுபோல இருந்தது. மாமி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். சத்திரசிகிச்சை செய்த கண் சிவந்திருந்தது.

"அப்ப ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது" என்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அம்மா" என்று சின்னச் சுவாமி சொன்னார். ஏச வந்த எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நீங்கள் என்ன செய்வியள், சுவாமி. உங்களுக்கு அவனைத் தெரியாதுதானே."

அந்தச் சொல் அவரை இன்னும் கலக்கிவிட்டது. ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்ற தவிப்பில், காணாமல் போனவர்களுக்கென்று தனியாக ஒரு பெட்டி உண்டாக்கலாம், பங்கில் இப்படி இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே, அந்தப் பெயர்களையெல்லாம் அதற்குள் போட்டு வைத்தால் இனி ஒருநாளும் மாறிப்போகாது என்று சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

மாமி தலையாட்டவில்லை.

"அரசாங்கக் கச்சேரியிலையும் இதைத்தான் செய்தவை, சுவாமி. தனி பைல் ஒண்டு திறந்து, அதுக்குள்ளை போட்டு வைச்சிருக்கினம். பிறகு அதை ஒருத்தரும் திறக்கிறேல்லை. என்ரை பிள்ளையைத் தனியாப் போட வேண்டாம். இருக்கிறவையோடை போடுங்கோ."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இப்ப மாத்து, பிள்ளை. நான் இருக்கேக்கை மாத்து."

நான் அந்த மின்னஞ்சலைப் பிடித்து இழுத்து மற்றப் பெட்டிக்குள் விட்டேன். ஒரு கணத்து வேலை. அந்தப் பெட்டியைத் திறந்து, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் நாரி, முதுகு நோவுக்காரருக்கும் நடுவில் அது வந்திருப்பதைக் காட்டினேன். மாமியின் கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை. "எது?" என்று கேட்டு விரலை நீட்டினார். அந்த விரலைப் பிடித்துப் பெயரின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தார்.

"போட்டாச்சோ?"

"போட்டாச்சு, மாமி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பினார். சின்னச் சுவாமி ஓடிவந்து கையைப் பிடித்தார். கதவடியில் மாமி நின்றார். எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பூசையிலையிருந்து இஞ்சை வருமட்டும் நான் பிள்ளை செத்த தாயா இருந்தனான். அது பொறுக்கக்கூடியதாத்தான் இருந்தது, பிள்ளை. இனித் திரும்பவும் அவன் வாற வழியைப் பாத்துக்கொண்டிருக்க வேணும்."